ஈர நாத்தனார்

படப்பிடிப்பில் செத்துப்போன ஒருத்தி மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கடலிலிருந்து எழுந்து வந்து மீனவர் கஸ்மீருக்குத் தங்கச்சியானது எப்படி என்று புன்னைத்துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீன்காரிகள் ஐஸ் இல்லாமலே மீன் கெடாமல் கிடந்த அந்த ஒன்பது நாளிலிருந்து தொடங்குவார்கள், தேவாலய உபதேசியார் துக்க மணியிலிருந்து தொடங்குவார், கஸ்மீர் தன் கல்யாணத்திலிருந்து தொடங்குவார், டெல்பினா மட்டும் எப்போதும் தன் பொய்யிலிருந்து தொடங்குவாள். அது ஒற்றை வரிப் பொய். ஆனால் சொன்னவள் அவள்.

புன்னைத்துறை தூத்துக்குடிக்குத் தெற்கே, சிவந்த தேரிமணல் கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது. அங்கே வந்து இறங்கியது ஒரு ஸ்பானிஷ் மொழிப் பேய்ப்படம். ஸ்பெயினில் ஒரு கம்பெனி, உருகுவேயில் ஒரு கம்பெனி, சென்னையில் ஒரு கம்பெனி என்று மூன்று நாட்டார் சேர்ந்து எடுத்த படம் அது, தமிழில் சொன்னால் ‘கரை வரை ஈரம்’ என்று பெயர். கதை சின்னதுதான். பெயரில்லாத ஒரு கடற்கரை ஊரில் இனேஸ் என்று ஒருத்தி மூழ்கிச் சாகிறாள், ஊரார் அடக்கம் செய்கிறார்கள், அவள் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து விரல் நீட்டி நீட்டி ஏழு பேரை எடுத்துக்கொள்கிறாள், கடைசியில் ஊரே கரையில் அசையாமல் நின்று பார்க்க, வந்த வழியே கடலுக்குள் நடந்து மறைகிறாள். டைரக்டர் நூரியா பதினொரு கடற்கரைகளைப் பார்த்துவிட்டுப் புன்னைத்துறைக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, சிலுவைகளில் பெர்னாண்டோ, கோஸ்தா, மிராண்டா, மச்சாடு என்று போர்த்துகீசியர் விட்டுப்போன பெயர்கள் எழுதியிருந்ததைக் கண்டு, இங்கே செட் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டீக்கடைக்கும் வலைக்கூடத்துக்கும் ஸ்பானிஷ் பலகை மாட்டினார்கள். ஒரு வாரத்தில் ஊர்க்காரர்கள் அந்தப் பலகைகளின் அடியில் பிறந்து வளர்ந்தவர்களைப் போல நடக்கப் பழகிவிட்டார்கள்.

டெல்பினா அந்த ஊரின் வடக்குத் தெருவில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். சென்னையில் படிக்கும்போதே சாயங்கால வகுப்பில் ஸ்பானிஷ் டிப்ளமோ முடித்திருந்தாள். சொந்த ஊருக்கே மொழிபெயர்ப்பாளராக வந்து இறங்கியபோது அவளுக்கு இரண்டு வேளையும் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் நோட்டில் ஒரு தடவை, போனில் ஒரு தடவை என்று சரிபார்ப்பாள். அவளுடைய கவனம் நூரியாவுக்குப் பிடித்திருந்தது. “இதே மாதிரி கடைசி நாள் வரை செய், எடிட்டிங்குக்கு உன்னை ஸ்பெயினுக்கு, பில்பாவோவுக்குக் கூட்டிப்போகிறேன், ஆறு மாதம்,” என்று சொல்லியிருந்தார். டெல்பினா அதைத் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயந்து.

புதன்கிழமை சாயங்காலம் அடக்கக் காட்சி. ஹீரோயினுக்கு விசா தாமதம், அதனால் பெட்டிக்குள் பார்சிலோனாவிலிருந்து வாடகைக்கு வந்த சிலிக்கான் பொம்மை படுத்திருந்தது. ஊரில் பாதிப்பேர் துணை நடிகர்கள். பெட்டியின் முன்மூலையை வள்ளக்காரர் கஸ்மீர் தோளில் வைத்திருந்தார். அழுவதற்கு நாற்பது பெண்கள், அவர்களுக்கு முன்னே கித்தேரி மாமி. ஏலக்கூடத்தில் மீன் விலை கூவும் அதே தொண்டையில்தான் அவள் சாவு வீட்டிலும் அழுவாள், அவள் அழுதால் எதிர்க்கட்சி வீட்டுக்காரனும் அழுதுவிடுவான்.

“ஆக்‌ஷன்” என்றார் நூரியா. யாரும் அழவில்லை.

“ஏட்டி டெல்பினா, யாரு எவன்னு தெரியாம எப்படி அழ?” என்றாள் கித்தேரி மாமி. “மகளேன்னு அழவா, மருமவளேன்னு அழவா? கட்டுனவளா, கட்டாதவளா? மொறை தெரியாம வாயத் தொறந்தா ஒப்பாரியா வரும், கொட்டாவிதான் வரும்.”

டெல்பினா தொண்ணூற்றாறு பக்கத் திரைக்கதையையும் புரட்டினாள். இனேஸுக்கு முப்பது வயது, முழங்கால் வரை கூந்தல், செருப்பு கிடையாது. அப்பன் ஆத்தாள் பற்றி ஒரு வரி இல்லை. நூரியாவிடம் ஓடினாள்.

“அவள் யாருடையவளும் இல்லை,” என்றார் நூரியா, மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுதான் பயங்கரமே. அழச் சொல், வெளிச்சம் போகிறது.”

டெல்பினா திரும்பி நடந்தாள். ஒரு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, நாற்பது பெண்களிடம், இவள் யாருடையவளும் இல்லை என்று தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும், அவளுடைய வேலையே அதுதான், ஆனால் வரவில்லை. பெட்டியைத் தாங்கிய தோள் கண்ணில் பட்டது. நாற்பது வயதில், கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாமல், வருகிற வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை கல்யாணம் வைத்திருக்கிற கஸ்மீரின் தோள்.

“நம்ம கஸ்மீர் அண்ணனுக்குத் தங்கச்சி முறை, மாமி,” என்றாள்.

அவ்வளவுதான். அண்ணன் கல்யாணத்தைக் காணாமல் போனாயே, மூன்றாம் முடிச்சுக்கு வைத்த விரல் மண்ணுக்குப் போகிறதே என்று கித்தேரி மாமி எடுத்தாள் பாருங்கள், நாற்பது பெண்களும் அதைப் பிடித்தார்கள், காட்சியில் இல்லாத ஆண்களும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள், உபதேசியார் யாரும் கேட்காமலே கோபுரத்தில் ஏறித் துக்க மணியை அடித்தார், நூரியா கட் சொன்னது யார் காதிலும் விழவில்லை. நாற்பது விநாடி போதும் என்று கேட்ட காட்சி ஒன்றேமுக்கால் மணி நேரம் நடந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கஸ்மீர் கடைசியாகப் போட்டுவிட்டு, ஒரு நாளும் இல்லாத தங்கச்சிக்காக வேட்டி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர்கள் பொம்மையைத் தோண்டி எடுத்து, கழுவி, பார்சிலோனாவுக்குப் பார்சல் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, கரையில் ஊரார் வலையிலிருந்து சாளை மீனைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அவள் வந்தாள். அலை ஒன்று பின்வாங்கியபோது அங்கே நின்றாள், அடுத்த அலை வந்தபோது கரையில் நின்றாள். முழங்கால் வரை கூந்தல், ஒவ்வொரு நுனியிலும் தண்ணீர், செருப்பு கிடையாது. நேரே கஸ்மீரிடம் நடந்து வந்து, சுட்டுவிரலை நீட்டி, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில் ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள்.

“என்ன தங்கச்சி, இப்படி நனைஞ்சு வந்து நிக்க,” என்றார் கஸ்மீர். பிறகு டெல்பினாவைப் பார்த்து, “என்ன சொல்லுதா?”

டெல்பினாவுக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. அது திரைக்கதையின் முப்பத்தொன்றாம் பக்கத்து வசனம். “உங்க பேரு கடலுக்குத் தெரியுமாம், அண்ணே.”

“பின்ன தெரியாதா. இருபத்தஞ்சு வருசமா அது மேலதானே போய் வாரேன்.”

கித்தேரி மாமி தலையிலிருந்த துண்டை அவிழ்த்து அவள் கூந்தலைத் துவட்டத் தொடங்கினாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் வந்தது. துண்டைப் பிழிந்து பிழிந்து மாமிக்குக் கைதான் வலித்தது, கூந்தல் காயவில்லை. “கெடக்கட்டும், வெயில்ல நிக்கட்டும். சாப்பிட்டாளா கேளு,” என்றாள்.

அழுதவர்கள் அவர்கள், மண் போட்டவர்கள் அவர்கள், முறை சொல்லிக் கூப்பிட்டவர்களும் அவர்கள். கூப்பிட்டால் வருவாள்தானே என்பதற்கு மேல் புன்னைத்துறை அதைப் பற்றி யோசிக்கவில்லை. படப்பிடிப்புக்காரர்களும் யோசிக்கவில்லை. உருகுவேக்காரர்கள் ஹீரோயினை ஸ்பெயின் அனுப்பிவிட்டது என்று நினைத்தார்கள், ஸ்பெயின்காரர்கள் உருகுவே அனுப்பியது என்று நினைத்தார்கள், சென்னைக் கம்பெனி மேலாளர் ரகோத்தமன் எப்படியோ வந்து சேர்ந்தாளே என்று வருகைத் தாளில் ஒரு டிக் போட்டார். பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டதற்கு, அடக்கம் செய்தது நான் இல்லை, சினிமாச் சாமியார், அதனால் திருச்சபைக் கணக்கில் அவள் இன்னும் சாகவில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அவளுக்குத் தெரிந்தது பதினான்கே வசனம். வேறு பேச்சு கிடையாது. யார் எதைக் கேட்டாலும் அந்தப் பதினான்கில் ஒன்றைச் சொல்வாள், டெல்பினா மொழிபெயர்ப்பாள், ஊர் அதற்குப் பதில் சொல்லும். குழம்பு ஊற்றினால் “உங்கள் கிணறுகள் கசக்கும்” என்பாள், “அது பத்து வருசமா கசக்குதும்மா, லாரித் தண்ணிதான்” என்பார்கள். “ஏழு பேர் என்னோடு வருவார்கள்” என்றால், “எங்கன்னு சொல்லு, வேன் பேசணும்ல” என்பார்கள். அவளிடமிருந்து ஒரு குளிர் வீசிக்கொண்டே இருந்தது. அவள் கஸ்மீர் வீட்டு வாசலில் உட்கார்ந்தால் வாசற்படி ஜில்லிட்டது. இரண்டாம் நாளே மீன்காரிகள் அதைக் கண்டுபிடித்துக் கூடைகளை அவள் காலடியில் வரிசையாக வைத்துவிட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கும் நெத்திலி காலையில் பிடித்தது போலக் கண் திறந்து கிடந்தது. ஐஸ் வண்டிக்காரர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

காட்சி இருக்கும் வேளையில் மட்டும் எழுந்து அவள் படப்பிடிப்புக்குப் போனாள். விரல் நீட்டினாள். யாரைப் பார்த்து நீட்டினாளோ அவர்கள் விழுந்து செத்தார்கள், கட் சொன்னதும் எழுந்து மணலைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஏழு நாளில் ஏழு பேர். ஏழு பேரும் ஊரில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள், எட்டாவதாகத் தன்னைப் பார்த்து நீட்டச் சொல்லி உபதேசியார் டெல்பினாவிடம் சிபாரிசுக்கு வந்தார். நூரியா தூங்காமல் அலைந்தார். “இந்தப் பெண் ஒரு தடவைகூட இமைக்கவில்லை, கவனித்தாயா? இருபது வருடமாக இப்படி ஒரு முகத்தைத் தேடினேன்,” என்று கேமராவைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். டெல்பினாவுக்கும் காய்ச்சல் போல ஒரு துள்ளல் உடம்பில் ஏறியிருந்தது. காலையில் கண் விழிக்கும்போதே சிரித்துக்கொண்டு விழித்தாள்.

கஸ்மீர் கல்யாணத்துக்கு இரண்டு சேலை எடுத்தார், ஒன்று கல்யாணப்பெண் பிலோமிக்கு, ஒன்று நாத்தனாருக்கு. பெண் பார்க்கப் போன அன்றே பிலோமி வீட்டார் கேட்ட முதல் கேள்வி, தாலி கட்டும்போது மூன்றாம் முடிச்சு போட நாத்தனார் யார் என்பதுதான். பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருந்தார். இப்போது அவரே வாழைநாரை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, இப்படிச் சுற்றி, இப்படி இழுத்து என்று இனேஸுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தார். அவள் “இந்த ஊரை நான் மறக்கமாட்டேன்” என்ற ஒன்பதாம் வசனத்தைச் சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுநாளுக்கான படப்பிடிப்புத் தாள் வந்தது. தொண்ணூற்றாறாம் பக்கம், கடைசிக் காட்சி. டெல்பினா அதை முன்பே படித்திருந்தாள், ஆனால் அன்றைக்குத்தான் கண்ணில் ஏறியது. இனேஸ் கடலுக்குள் நடக்கிறாள். ஊர் அசையாமல் பார்க்கிறது. அவள் திரும்பி வருவதில்லை.

இதுவரை தாளில் இருந்ததையெல்லாம் இனேஸ் செய்திருந்தாள். ஒரு வரியைக்கூட விட்டதில்லை.

டெல்பினா கஸ்மீரிடம் போய்ச் சொன்னாள். கஸ்மீர் பின்னிக்கொண்டிருந்த வலையை மடியில் இறக்கினார்.

“திங்கக்கிழம கல்யாணம். ரெண்டு நாளு தள்ளி எடுக்கச் சொல்லேன்.”

“ரெண்டு நாள் தள்ளுனா போதுமா, அண்ணே?”

கஸ்மீர் வாசலைப் பார்த்தார். இனேஸ் நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள், காலடியில் கூடைகள், கூடைகளைச் சுற்றி ஈரம். “போதாதுட்டி,” என்றார்.

டெல்பினா நூரியாவின் கூடாரத்துக்குப் போனாள். போகும் வழியில் மூன்று தடவை திரும்பி, மூன்று தடவையும் மறுபடி நடந்தாள். உள்ளே போய் நோட்டைப் பார்க்காமல் சொன்னாள்: அடக்கக் காட்சியில் நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை. அவள் யாருடையவளும் இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். இவருடைய தங்கை என்று நான் சொன்னேன். அதனால் வந்துவிட்டாள். முடிவை மாற்றுங்கள்.

நூரியா கண்ணாடியைக் கழற்றினார். “அவள் நடிகை. உருகுவே அனுப்பியது.”

“உருகுவே அனுப்பவில்லை. நாங்கள் அழுது கூப்பிட்டோம்.”

நூரியா சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். எழுந்து கூடாரத்தின் ஓரத்துக்குப் போய், கஸ்மீர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளை ரொம்ப நேரம் பார்த்தார். “அந்த ஒரு வரிக்காக மூன்று கம்பெனியும் ஒன்பது மாதம் சண்டை போட்டது, டெல்பினா. எரிக்க வேண்டும் என்றது ஒன்று, சாமி காலில் விழ வேண்டும் என்றது ஒன்று. கடலுக்குப் போகிறாள், ஊர் பார்க்கிறது என்பதில்தான் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதை நான் எடுத்தே ஆக வேண்டும். நீ நாளைக்கு நான் சொல்வதைச் சொல். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்.”

“சரி,” என்றாள் டெல்பினா. பொய்யைச் சொன்னதிலிருந்து அவளும் அதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஊரார் நானூறு பேரும் கரையில் வரிசையாக நின்றார்கள். அசையக் கூடாது என்றார் நூரியா, அசையக் கூடாது என்றாள் டெல்பினா, சரி என்றது ஊர். இனேஸ் நடந்தாள். கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர், கூந்தல் நீரின் மேல் கறுப்பாக விரிந்தது. இடுப்பளவு போனபோது கஸ்மீர் வரிசையை விட்டு ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்து இழுத்து வந்தார். கட். கஸ்மீரைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். இரண்டாம் தடவை கித்தேரி மாமி ஓடினாள். மூன்றாம் தடவை, அந்த வாரம் படத்தில் செத்த ஏழு பேரும் ஓடினார்கள்.

“சும்மா நில்லுங்கன்னா என்ன கஷ்டம் உங்களுக்கு,” என்று ரகோத்தமன் கத்தினார்.

“பொம்பளப் புள்ள கடலுக்குள்ள போறா, பாத்துட்டு நிக்கச் சொல்லுதீயளே,” என்றாள் கித்தேரி மாமி. “எங்க காலு நிக்கணும்ல.”

ஏழாவது தடவையும் போயிற்று. சூரியன் பனைமரங்களின் தலைக்கு இறங்கியது. ரகோத்தமன் டெல்பினாவை ஓரமாகக் கூப்பிட்டார். “அலைக்கு அந்தப் பக்கம் போட் நிக்குது, அவளத் தூக்கிட்டு வந்துடும்னு சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ இந்த ஊர்ப் பொண்ணு, நீ சொன்னா நிப்பாங்க. உனக்கு பில்பாவோ போகணுமா வேண்டாமா?”

அங்கே போட் எதுவும் இல்லை, ஆனால் ஊரைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். அவள் சொன்னால் நிற்பார்கள். ஒரே ஒரு வரி. அதைப் போல ஒரு வரியை அவள் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

நூரியா மைக்கைக் கையில் எடுத்தார். குரல் கம்மியிருந்தது. “அவர்களிடம் சொல்: ஒரே ஒரு தடவை அசையாமல் நின்றால் போதும். எல்லாம் முடிந்துவிடும். அவள் இனி வரமாட்டாள்.”

மைக் டெல்பினா கைக்கு வந்தது. அவள் ரகோத்தமனைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், கஸ்மீரைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், தெளிவாகச் சொன்னாள்.

“ஒரே ஒரு தடவை அசையாம நின்னா போதும். எல்லாம் முடிஞ்சிரும். அவ இனி வரமாட்டா.”

நானூறு பேரும் அதைக் கேட்டார்கள். இனேஸ் நடந்தாள். அவள் கால் நனைவதற்கு முன்பே கரை கலைந்தது. கித்தேரி மாமியும் நாற்பது பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள், உபதேசியார் அங்கியோடு ஓடினார், பங்குச்சாமியார் செருப்பை விட்டுவிட்டு ஓடினார், டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு ஓடினார், லைட் பிடித்தவர்கள் லைட்டை மணலில் நட்டுவிட்டு ஓடினார்கள், உருகுவேயிலிருந்து வந்த ஒலிப்பதிவுக்காரர் தலையில் ஹெட்போனும் கையில் நீளக் கம்பில் மைக்குமாக ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமலே ஓடினார், மைக்கைக் கீழே போட்டுவிட்டு டெல்பினாவும் ஓடினாள். கேமராக்காரருக்கு நிறுத்தத் தோன்றவில்லை. நானூறு பேர் அலையை மிதித்துக்கொண்டு, ஏட்டி எங்க போற, வீட்டுக்கு வா, திங்கக்கிழம கல்யாணத்த வெச்சிக்கிட்டு எங்க போற என்று ஆளுக்கொன்றாகக் கூவிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் போய் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். கஸ்மீர் அவளை அப்படியே இரு கையிலும் ஏந்தித் தூக்கிக் கரைக்குக் கொண்டு வந்தார்.

மணலில் இறக்கியதும் இனேஸ் வாயைத் திறந்தாள். பதினான்கு வசனத்தில் எது என்று டெல்பினா மூச்சு வாங்கக் குனிந்தாள்.

“குளிருது,” என்றாள் இனேஸ், தமிழில். அவள் பற்கள் அடித்துக்கொண்டன.

கித்தேரி மாமி ஒரு துண்டால் துவட்டினாள். நான்கு தடவை பிழிந்ததும் கூந்தல் காய்ந்துவிட்டது.

மானிட்டர் முன்னால் நூரியா தனியாக உட்கார்ந்திருந்தார், கை மயிர் எல்லாம் குத்திட்டு நின்றிருந்தது. “நான் சொன்னதைத்தான் சொன்னாயா?” என்று கேட்டார்.

“ஒரு சொல் கூட்டவில்லை. ஒரு சொல் குறைக்கவில்லை.”

“பாஸ்போர்ட் இருக்கிறதா உன்னிடம்?” என்றார் நூரியா. “தண்ணீருக்குள் அவர்கள் என்ன கத்தினார்கள் என்று எழுத எனக்கு ஆள் வேண்டும்.”

திங்கட்கிழமை காலைப் பூசையில் கஸ்மீர் இரண்டு முடிச்சுப் போட, மூன்றாவதை இனேஸ் போட்டாள். நாரில் பழகிய கை, இறுக்கிவிட்டாள். பிலோமி கழுத்தைத் தடவிக்கொண்டு, “நாத்தனாருக்கு என்ன பெலம்,” என்றாள். அன்றைக்கு மத்தியானமே மீன்காரிகள் ஐஸ் வண்டிக்காரருக்குப் போன் போட வேண்டியதாயிற்று. ஒன்பது நாள் கோபத்தை அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து தீர்த்துக்கொண்டார்.

படம் வெளியானபோது டெல்பினா பில்பாவோவிலிருந்து வீட்டுக்குப் போன் செய்து சொன்னாள், ஏழு பேர் சாகும்வரை அரங்கத்தில் எல்லோரும் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார்கள் என்றும், கடைசியில் நானூறு பேர் கடலுக்குள் ஓடி வர, கீழே ஸ்பானிஷில் ‘வீட்டுக்கு வா’ என்று அவள் எழுதிய வரி வந்தபோது மூன்று பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள் என்றும், இவ்வளவு பயங்கரமான முடிவைப் பார்த்ததில்லை என்று ஒரு பத்திரிகை எழுதியிருக்கிறது என்றும். மூன்று கம்பெனிகளும், அந்த முடிவு தங்கள் யோசனைதான் என்று தனித்தனியாக அறிக்கை விட்டன.

ஊரில் அதைப் பங்குக் கோயில் மண்டபத்தில் போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி. யாரும் பயப்படவில்லை. செத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரையில் விழும்போது விசில் அடித்தார்கள், உபதேசியார் தன் மணிச் சத்தம் வரும் இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். இனேஸ் மட்டும், திரையில் ஒருத்தி சொட்டச் சொட்டக் கடலிலிருந்து எழுந்து விரல் நீட்டிய இடத்தில், பிலோமியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“யாரு மைனி அது?” என்றாள்.

பிலோமி திரையைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “யாரோ,” என்றாள். “நம்ம புள்ள இல்ல. நீ கண்ண மூடிக்க, முடிஞ்சதும் சொல்லுதேன்.”